நெட்டி முறிகிற சத்தமும் நாரி நோவும்

சின்ன வயதில் நாங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றால், அம்மம்மா இரண்டு கையாலும் எங்கள் கன்னத்தை வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்துவார். படபடவென்று நெட்டி முறியும். "பாத்தியா, எவ்வளவு நாவூறு" என்பார். நெட்டி கூட முறிந்தால் நாவூறும் கூட என்பது அவர் கணக்கு.

அதே சத்தத்தைத்தான் இப்போது எங்கள் ஊரில் பலர் கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் எங்கேயோ ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் முதுகில் உள்ளங்கையை ஊன்றிச் சட்டென்று ஓர் அமுக்கு அமுக்குகிறார். 'மடக்' என்கிறது. படுத்திருந்தவர் எழும்பிச் சிரிக்கிறார். திருகோணமலையில் திருக்கடலூரில் இருக்கும் என் மாமா அந்த வீடியோவை மூன்று தரம் போட்டுக் காட்டிவிட்டுக் கேட்டார்: "மருமோன், இப்பிடி ஒருக்கா முறிச்சு விட்டா என்ர நாரிப் பிடிப்பும் போயிடும் என்ன?"

மாமாவுக்கு 63 வயது. இளந்தாரியாக இருந்தபோது கரைவலை இழுத்தவர். கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்து, அம்பா பாடிக்கொண்டே மணலில் காலை ஊன்றி இழுத்த உடம்பு. இப்போது விடியற்காலையில் எழும்பினால் அரை மணி நேரம் நாரியை, அதாவது கீழ்முதுகை, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். ஓம் என்றோ இல்லை என்றோ அவருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், வைத்தியன் இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஆழமாக வாசித்திருக்கிறேன். அன்று திண்ணையில் இருந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சத்தம். விரல் மூட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு எலும்பு முனைகள் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு பை மூடியிருக்கிறது. அந்தப் பைக்குள் முட்டை வெள்ளைக்கருவைப் போன்ற ஒரு திரவம். மூட்டு உராயாமல் அசைவதற்கு அதுதான் எண்ணெய். அந்தத் திரவத்தில் வாயுவும் கரைந்திருக்கிறது. மூட்டைத் திடீரென்று இழுத்தால் உள்ளே இடம் கூடி அழுத்தம் குறைகிறது. குறைந்ததும் திரவத்துக்குள் வாயு நிறைந்த ஓர் இடைவெளி சட்டென்று திறக்கிறது. சோடாப் போத்தல் மூடியைத் திறந்ததும் குமிழ் கிளம்புகிறதே, கிட்டத்தட்ட அதுதான். 2015ஆம் ஆண்டில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரலை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து நெட்டி முறிய முறியவே படம் பிடித்தார்கள். சத்தம் வருகிற கணத்தில் மூட்டுக்குள் அந்த இடைவெளி தோன்றுவது படத்தில் தெரிந்தது. முறித்த விரலை உடனே திரும்ப முறிக்க முடியாது. ஏறக்குறைய 20 நிமிடம் பொறுக்க வேண்டும் என்பதை நீங்களே செய்து பார்க்கலாம்.

முதுகில் வருகிற 'மடக்' சத்தமும் இதே இனம்தான். நம் முதுகுத்தண்டில் கழுத்தில் 7, நெஞ்சுப் பக்கத்தில் 12, நாரியில் 5 என்று 24 தனித்தனி முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகள். ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கத்திலும் விரல் மூட்டைப் போலவே சின்னச் சின்ன மூட்டுகள் உண்டு. அமுக்கும்போது சத்தம் போடுபவை அவைதான். ஆகவே, "விலகின எலும்பு இடத்துக்கு வந்திட்டுது, சத்தம் கேட்டதுதானே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த எலும்பும் எங்கேயும் போகவில்லை, திரும்பி வரவுமில்லை. உண்மையிலேயே மூட்டு விலகினால், விழுந்ததில் தோள்மூட்டு கழன்றது போல, அது கண்ணுக்கே தெரியும். கையைத் தூக்கவும் ஏலாது. அப்போது போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

சரி, அந்த வீடியோவில் அமுக்குகிறவர் யார்? கைரோபிராக்டர். கைரோபிராக்டிக் என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்பது கருத்து. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டாவென்போர்ட் என்ற ஊரில் 1895இல் இது தொடங்கியது. காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டானியல் டேவிட் பாமர் என்பவர், தன் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லிலார்டின் முதுகில் ஒரு முள்ளெலும்பைத் தள்ளிவிட்டதாகவும், காது மந்தமாக இருந்த அவருக்கு அதன் பிறகு கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னார். முள்ளெலும்பு இடம் மாறினால் நரம்பின் ஓட்டம் தடைப்படுகிறது, உடம்பின் பெரும்பாலான வருத்தங்களுக்கு அதுவே காரணம் என்று ஒரு கொள்கையையும் வைத்தார். 1897இல் அதற்கென்று ஒரு பள்ளியும் திறந்தார். காதிலிருந்து போகிற கேட்டல் நரம்பு முதுகுப் பக்கம் வருவதே இல்லை. உட்காதிலிருந்து நேரே மூளைத் தண்டுக்குப் போகிறது. அந்தப் பழைய கொள்கைக்கு இன்றைக்கு வரை சரியான ஆதாரம் கிடைக்கவில்லை. கைரோபிராக்டர்களிலும் கணிசமானோர் அதைக் கைவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு நோவோடு நின்றுகொள்கிறார்கள். முதுகை அமுக்கி ஆஸ்துமாவைச் சுகப்படுத்துவேன், சீனி வருத்தத்தை இறக்குவேன் என்று ஒருவர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

அப்படியென்றால் அமுக்கினதும் சுகமாக இருக்கிறது என்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை. மூட்டைச் சுற்றியும் தசைக்குள்ளும் இழுவையை உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. வேகமாக ஓர் இழுவை கொடுக்கும்போது அவை எல்லாம் ஒரேயடியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இறுகியிருந்த தசை கொஞ்சம் இளகுகிறது, நோவின் குரல் கொஞ்ச நேரம் தணிகிறது, குனிவதற்கும் திரும்புவதற்கும் லேசாக இருக்கிறது. முழங்கை எங்கேயாவது இடிபட்டால் உடனே மற்றக் கையால் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? அந்தச் சுகத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் முதுகை இப்படிக் கையாளும் சிகிச்சைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் தனியாக அல்ல. உடற்பயிற்சி, உருவிவிடுதல், நோவைப் பற்றி நோயாளிக்கு விளங்கப்படுத்துதல் ஆகியவற்றோடு அதுவும் ஒன்று. நாரிக்குப் பெல்ட் கட்டுவது, பாரம் தொங்கவிட்டு முதுகை இழுப்பது, வயர் ஒட்டி 'கரண்ட் பிடிப்பது', அல்ட்ராசவுண்ட் தலையைத் தோலில் தேய்ப்பது ஆகியவற்றை நாட்பட்ட நாரி நோவுக்கு வழமையான சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. கரண்ட் பிடித்தால்தான் வைத்தியம் என்று நினைக்கிற எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நோ ஒன்றும் அபூர்வம் இல்லை. 2020இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 61.9 கோடிப் பேர் நாரி நோவோடு இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு, பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, இன்ன எலும்பில் இன்ன கோளாறு என்று குறிப்பாகச் சொல்லிவிட முடியாது.

கையால் செய்யும் வைத்தியம் எங்களுக்குப் புதிதும் இல்லை. முறிவு நெரிவு வைத்தியர் வீட்டுக்கு எண்ணெய்ப் போத்தலோடு போகாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. சித்த மருத்துவத்தில் உருவிவிடுவதற்குத் தொக்கணம் என்று தனிப் பெயரும் தனி முறைகளும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிக்கலாம். அப்புறம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இருக்கும் அந்த ஏழு கிணறுகளில் வாளியால் அள்ளி முதுகில் ஊற்றிக்கொண்டு வருகிறவர்கள் அன்று இரவு நன்றாக நித்திரை கொள்கிறார்கள். சூடு பட்டால் தசை இளகும், இரத்த ஓட்டம் கூடும். வீட்டில் உப்பு ஒத்தணம் கொடுத்தாலும் நடப்பது அதுதான். இவை எல்லாமே நோவைத் தணிப்பவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தணிவு சில மணி நேரமோ சில நாளோ நிற்கும். அதற்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மிச்சம் எல்லாம் இருக்கிறது. மறுவாழ்வுச் சிகிச்சை என்று சொல்கிற பிசியோதெரபி தொடங்குவது இந்த இடத்தில்.

இதை நான் அம்மாவின் முழங்காலில்தான் படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒருவர் "தேய்மானம்" என்று ஒரே சொல்லைச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சொல் அம்மாவை நோவைவிடக் கூடப் பயப்படுத்திவிட்டது. டயர் தேய்வது போல முழங்கால் தேய்கிறது, நடந்தால் இன்னும் தேயும் என்று விளங்கிக்கொண்டு நடப்பதையே விட்டார். கடைக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, கதிரையிலேயே இருப்பு. நாலைந்து மாதத்தில் முழங்காலுக்கு மேலே தொடைச் சதை வற்றிப்போய், எழும்பும்போது கால் நடுங்கத் தொடங்கியது. நோவும் கூடியது.

பிசியோதெரபி செய்கிற பிள்ளை, அம்மா அவரை அப்படித்தான் சொல்வார், முதல் நாள் முழங்காலைத் தொடுவதற்கு முன் இருபது நிமிடம் கேள்விதான் கேட்டார். எத்தனை மணிக்கு நோகுது, படி ஏறும்போதா இறங்கும்போதா, குசினியில் நிலத்தில் இருந்துதான் வேலை செய்கிறதா, இரவில் நோ எழுப்புதா? பிறகு அம்மாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பச் சொன்னார். அம்மாவால் ஏலவில்லை. "அம்மா, உங்கட முழங்காலை விட உங்கட தொடைதான் களைச்சுப் போய் இருக்கு" என்றார். அதை மட்டும் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொடுத்த பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. கட்டிலில் காலை நீட்டி இருந்து, ஒரு துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அந்தச் சுருளை முழங்காலால் கீழே அமுக்க வேண்டும். தொடைச் சதை கல்லாக இறுகும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தரம். காலையும் மாலையும். முதல் கிழமை அம்மாவின் தொடை இறுகுவதே கைக்குத் தெரியவில்லை. நான் விரல் வைத்துப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. மூன்றாம் கிழமை துவாய்ச் சுருள் தட்டையாகும் அளவுக்கு அமுக்கினார். பிறகு காலை நீட்டியபடி ஒரு சாண் உயரம் தூக்குவது, அதற்குப் பிறகு கதிரையில் இருந்து எழும்பி இருப்பது என்று படிப்படியாகக் கூட்டினார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பயம் பாதி போய்விடும். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அது சாப்பிடுவது அந்த வெள்ளைக்கருத் திரவத்தில் இருந்துதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு நசிந்து திரவத்தை வெளியே விடுகிறது, காலை எடுக்கும்போது விரிந்து உள்ளே இழுக்கிறது; தண்ணீரில் போட்ட பஞ்சை அமுக்கி அமுக்கி விடுவது போல. அசைவே அதற்குச் சாப்பாடு. நடக்காமல் இருப்பது அதைக் காப்பாற்றுவது ஆகாது, பட்டினி போடுவது ஆகும். இன்னொன்று, தொடையின் முன்பக்கச் சதை பலமாக இருந்தால் படி இறங்கும்போது வருகிற பாரத்தின் பெரும் பங்கை அது வாங்கிக்கொள்ளும். அது வற்றியிருந்தால் அவ்வளவும் மூட்டின் தலையில்.

தேய்மானம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். முதுகு நோவே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் செய்து பார்த்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரரில் 37 சதவீதமானவர்களுக்கும், 80 வயதுக்காரரில் 96 சதவீதமானவர்களுக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் தேய்வு தெரிந்தது. இவர்கள் யாருக்கும் நோ இல்லை! தலை நரைப்பது போல முதுகுக்குள்ளும் வயது தெரிகிறது, அவ்வளவுதான். ஸ்கேன் தாளில் இருக்கிற எழுத்தை மட்டும் வைத்து ஒருவர் உங்களைப் படுக்கையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். ஆட்டோவை மேலே வரை விடச் சொல்லுவார் என்று நினைத்தேன். கோட்டை வாசலிலேயே இறங்கிக்கொண்டார். மான்கள் நிற்கிற நிழல் பாதையில், இடையில் இரண்டு தரம் நின்று, சுவாமி மலைக்கு நடந்தே ஏறினார். நோ முற்றாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஏறும்போது கொஞ்சம் நொந்தது, ஏறினார். தசை பலப்பட இரண்டு மூன்று மாதம் செல்லும். இரண்டாம் கிழமையிலேயே "ஒண்டும் சரிவரேல்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் கூட. என் அனுபவத்தில் பிசியோதெரபி தோற்றுப்போகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

மாமாவின் நாரிக்கு வருவோம். அவருக்குக் கொடுத்தது வேறு பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தை நிலத்தில் இருந்து தூக்கிப் பாலம் போலப் பிடிப்பது. கூடவே, ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது நாரியை வளைக்காமல் இடுப்பில் மடிந்து, பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கப் பழக்கினார்கள். தையல் மெசினில் இருக்கிற பெண்ணுக்கு இது பொருந்தாது, அவருக்குக் கழுத்தும் தோள்பட்டையும். நாள் முழுக்க ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இடையிடையே இறங்கி நடக்கிறதே மருந்து. நாரி பிடித்துக்கொண்டால் இரண்டு கிழமை பாயில் கிட என்று முன்பு சொல்வார்கள். அது இப்போது மாறிவிட்டது. ஒன்றிரண்டு நாள் பார்த்து நடந்துவிட்டு, ஏலுமான அளவுக்கு வழமையான வேலைக்குத் திரும்புகிறவர்கள் சீக்கிரம் சுகமாகிறார்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு சொல். தோள்மூட்டுப் பை இறுகி, கையை மேலே தூக்கவோ பின்னால் கொண்டுபோகவோ ஏலாமல் போகிற வருத்தம் அவர்களுக்குக் கூடுதலாக வரும். பொறுமையான பயிற்சியும் சீனிக் கட்டுப்பாடும்தான் அதற்கு வழி. பிடித்து இழுத்து ஒரே நாளில் திறக்கிறேன் என்பவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். முடி வெட்டி முடிந்ததும் தலையை உருவி, தாடையைப் பிடித்து இரண்டு பக்கமும் 'மடக் மடக்' என்று திருப்பிவிடும் பழக்கம் சலூன்களில் இன்னும் இருக்கிறது. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாடிகள் கழுத்து முள்ளெலும்புகளின் ஓட்டைகளுக்குள்ளேதான் ஏறிப் போகின்றன. வேகமாகத் திருகும்போது அந்த நாடியின் உட்சுவர் கிழிந்து, அதனால் பாரிசவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. அரிதுதான். ஆனால் அரிதாக வந்தாலும் வருவது பாரிசவாதம். படித்த கைரோபிராக்டரே கழுத்தைத் தொடுவதற்கு முன் நிறையக் கேள்வி கேட்பார். அடுத்த தரம் சலூனில் "கழுத்து வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடுங்கள். எலும்பு பலவீனமானவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவர்கள், நெடுங்காலம் ஸ்டீரொய்ட் எடுத்தவர்கள் முதுகிலும் வேகமான அமுக்கு எதையும் செய்வித்துக்கொள்ளக் கூடாது.

உருவுவதையும் பயிற்சியையும் விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. நாரி நோவோடு சலம் போக ஏலாமல் இருந்தாலோ, தெரியாமலே போனாலோ, சைக்கிள் சீற்றில் படுகிற இடம் விறைத்தாலோ, கால் வலுவிழந்து இழுபட்டாலோ ஒரு நாள்கூடப் பிந்தக் கூடாது. முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசிகிறது என்பதற்கு அவை அடையாளம். காய்ச்சலோடு முதுகு நோ, காரணமில்லாமல் மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வருகிற நோ, விழுந்த பிறகு வருகிற நோ, படுத்தாலும் குறையாத இரவு நோ, இவற்றையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.

யாரிடம் போவது என்று கேட்டால், இங்கே எளிதாகக் கிடைப்பது பிசியோதெரபிதான். எங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையில் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் காசில்லாமல் செய்துகொள்ளலாம். தனியாரிடம் போனால் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. சுதேச வைத்தியர் என்றால் ஆயுர்வேத மருத்துவப் பேரவையின் பதிவு இருக்க வேண்டும். கைரோபிராக்டர் என்று ஒருவர் பலகை போட்டிருந்தால் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று கேளுங்கள். இந்தத் தொழிலுக்கு நாலு வருட முழுநேரப் படிப்பு, குறைந்தது 4200 மணி நேரக் கற்கை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு கிழமைச் சான்றிதழோடு வருகிறவரின் கைக்கு உங்கள் முதுகைக் கொடுக்காதீர்கள்.

போகிற நாளில் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் தாள், குடிக்கிற மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். முழங்காலுக்கு மேலே உயர்த்தக்கூடிய தளர்வான உடுப்புப் போடுங்கள். எந்த நேரம், எந்த வேலை செய்யும்போது நோகிறது என்று ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மாமா போகும்போது தன் மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்: "விடிய 4 மணி, வள்ளம் தள்ளேக்க, வலப்பக்கம்." அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவருடைய முதல் நாள் சிகிச்சையைத் தொடங்கினார்கள்.